ரோட்டில் பிடித்த கொடுவா

கும்மிடிப்பூண்டி தூண்டில் கடையில் அவரைப் பார்த்தேன். கம்பெனி நீலச் சட்டை, ஷூவெல்லாம் இரும்புத் தூள். என்னைப் போல அவரும் வாங்க வந்தவர்தான்.

கிராங்க்பெய்ட் என்கிற, தண்ணீரில் முங்கி ஆடிக்கொண்டே வரும் பொம்மை மீனை வீச எனக்கு ஒரு தூண்டில் ராடு வேண்டும். கையில் காசு கம்மி. ஆசையோ விறைப்பான கார்பன் ராடு மேல்.

"இரு சார், மொதல்ல என்ன மீனா நெனச்சிப் புடிச்சிப் பாரு" என்றவர், என் கையிலிருந்த அந்த ராடின் நைலான் நரம்பு நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு ரோட்டில் இறங்கி ஓடினார். நான் வெடுக்கென்று இழுத்தேன். நரம்பு அவர் விரலிலிருந்து நழுவியது.

"வாய் கிழிஞ்சி ஓடிட்டேன் சார். பொம்மைல இருக்கறது சின்ன முள்ளு, ராடு வளைஞ்சி குடுத்தாதான் நிக்கும்."

அடுத்து, இருப்பதிலேயே மலிவான ஃபைபர் ராடு. அது பாதிவரை மெதுவாக வளைந்தது. அவர் தலையை உதறினார், ஷேர் ஆட்டோவைச் சுற்றி ஓடினார், கன்னம் உப்ப உப்ப மூச்சு வாங்கினார். கடைசியில் களைத்துப்போய், ஒவ்வொரு அடியாக என்னிடம் வந்து நின்றார்.

"இத்த எடு சார். நானே மாட்டிக்கினேன் பாரு."

அதைத்தான் வாங்கினேன். இப்போதெல்லாம் கழிமுகத்தில் கொடுவா மீன் களைத்துக் கரைக்கு வரும்போது அவர் முகம் வந்துவிடுகிறது. முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டுவிடுகிறேன். வீட்டில் கேட்டால், ராடு சரியில்லை என்கிறேன்.