சின்னப்பன் மைக்கிலிருந்து கம்பீரத்தைக் கழற்றிய நாள்

சின்னப்பன் அண்ணனுக்குக் கம்பீரம் ஒரு வியாதி. கள்ளக்குறிச்சியில் கல்யாணமோ காதுகுத்தோ, அவர் மைக்செட் கட்டினால் எலும்பும் தோலுமான ஆள் பேசினாலும் ஜமீன்தார் பேசுவது போலிருக்கும். கேட்பவர் நெஞ்சு அதிர வேண்டும். வார்த்தை புரிவதெல்லாம் அப்புறம். நல்ல மைக் என்றால் எங்கள் ஊரில் அதுதான் அர்த்தம். அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை.

அவர் மனைவி இசபெல்லா மலைமேல் வெள்ளிமலை மிஷன் மருந்தகத்தில் நர்ஸ். நான் கீழே, அதே மிஷன் நடத்திய கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் நர்ஸ். மலையோடு பேச எங்களுக்கு வயர்லெஸ் ஒன்றுதான் வழி. எங்கள் மேஜை மைக்கில் குரல் கீச்சென்று போகிறதென்று யாரோ சொல்லப்போக, அண்ணன் அதைக் கடைக்குத் தூக்கிப்போனார். அடித்தொண்டைச் சத்தம் தாராளமாக உள்ளே போகட்டுமென்று பெரிய கண்டன்சர் ஒன்றை வைத்தார். வயர்லெஸ்ஸில் பேசிப் பார்த்தாரா? இல்லை. தன் குழாய் ஸ்பீக்கரில் மாட்டி, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றார். எதிர்க்கடைத் தையல்காரர் கைதட்டினார். அதோடு சோதனை முடிந்தது, மைக் எங்கள் மேஜைக்குத் திரும்பியது.

மறுநாளே மறியல் தொடங்கிவிட்டது. எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் ரோட்டை அடைத்தார்கள். ஊரெங்கும் போலீஸ், கடைத்தெருவில் தலைகாட்ட முடியாது. மரம் விழுந்து கம்பி அறுந்ததில் கரண்டும் இல்லை. வயர்லெஸ் மட்டும் பாட்டரியில் ஓடியது. ஜெனரேட்டருக்கு இருந்த கொஞ்ச டீசலை டாக்டர் ஆபரேஷனுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்.

மூன்றாம் நாள் காலை மலையிலிருந்து கம்பவுண்டர் சின்னதுரை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார். இசபெல்லாவுக்கு நீர்க்குடம் உடைந்துவிட்டது, உதிரம் நிற்கவில்லை, ஜீப்பில் ஏற்றப்போகிறோம் என்றார். ஒன்பது வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. அண்ணனை ஆள் விட்டு அழைத்தோம். சந்து சந்தாக ஓடி வந்தார்.

அவர் பின்னாலேயே, விஷயம் கேள்விப்பட்டு, மறியலில் இருந்த அய்யனாரும் வந்தார். தலை குனிந்தபடி சொன்னார்: "ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டதே நாங்கதான். ஜீப்பு உள்ள வந்துச்சுன்னா முன்னாலயும் போவாது, பின்னாலயும் போவாது. மலயடிவாரத்து அணகிட்டயே திருப்பி வாய்க்கா கரையில வரச் சொல்லுங்க. அங்க நம்ம பசங்கள வுட்டு வழி காட்டறேன்."

அண்ணன் மைக்கைப் பிடித்து அதையே சொன்னார். பதிலுக்கு இசபெல்லாவே பேசினாள், மூச்சு வாங்கியபடி.

"உங்க கொரலுன்னு தெரியுதுங்க. இன்னா சொல்றீங்கன்னுதான் ஒண்ணுமே வெளங்கல."

அவர் இன்னும் உரக்கக் கத்தினார். கத்தக் கத்த மோசமானது. சின்னதுரை குறுக்கே வந்து, ஒன்றும் புரியவில்லை, பாட்டரியும் இறங்குகிறது, கிளம்புகிறோம் என்றார்.

தான் வைத்த கண்டன்சர்தான் வார்த்தையை விழுங்குகிறதென்று அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. மைக்கைத் திருப்பிப் போட்டு அடித்தட்டைக் கழற்றினார். பெரிய கண்டன்சரை எடுத்துவிட்டுச் சின்னது ஒன்று வைக்க வேண்டும். கடைக்குப் போக முடியாது. என் டிரான்சிஸ்டர் ரேடியோவை நீட்டினேன். குடலை உருவுவது போல் ஒன்றை உருவினார். பற்றவைக்கக் கரண்ட் ஏது? ஊசி கொதிக்கவைக்கும் ஸ்டவ்வில் ஸ்குரூ டிரைவரைப் பழுக்கக் காய்ச்சினோம். முதல் தடவை ஈயம் சிந்திவிட்டது. மைக் பிரிந்து கிடந்ததால், 'கொஞ்சம் இரு' என்று மலைக்குச் சொல்லக்கூட வழியில்லை. ஜீப்பில் வயர்லெஸ் கிடையாது. அவள் ஏறிப் போயிருந்தால் எல்லாம் முடிந்தது.

மூடிக்கூடப் போடாமல் பொத்தானை அழுத்தினார்.

"அணகிட்டயே திரும்பிடு. ரோட்டுல வராத. வாய்க்கா கரையில வா."

பதில் இல்லை. மறுபடி சொன்னார். நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். கம்பீரமெல்லாம் போய், தகரத்தில் ஆணி கீறுவது போல வறண்ட குரல் மலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"வாய்க்கா கரை. வரேங்க," என்றாள் இசபெல்லா. அதோடு மலைப் பக்கம் பாட்டரி செத்தது.

வார்த்தை புரியாவிட்டாலும் அவர் குரல்தான் என்று தெரிந்ததால், ஏதோ முக்கியம் என்று ஜீப்பில் ஏற மாட்டேனென்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாளாம். உதிரம் போகப் போக உட்கார்ந்திருந்தாள்.

வெயில் உச்சிக்கு வருமுன் சேறும் சகதியுமாக ஜீப் வந்து சேர்ந்தது. டாக்டர் வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுத்தார். பெண் பிள்ளை. இரண்டு உயிரும் தப்பின.

மறுநாள் கண் விழித்தவள் முதலில் பிள்ளையைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்து, "நேத்து ஏங்க கொரலு அப்புடி இருந்துச்சு? அழுதுக்கினா பேசுனீங்க?" என்று கேட்டாள்.

அவர் சட்டென்று, "சே, மைக்க மாத்திட்டேன், அதான்," என்றார்.

மைக்கை மாற்றியது உண்மைதான். பொத்தானை அழுத்திய அந்தக் கையெல்லாம் நனைந்திருந்ததை, பக்கத்தில் ஸ்டவ்வோடு நின்ற நான் பார்த்தேன்.