பக்கத்து ஷெட் பிரஸ்ஸும் எங்கள் டெத் மெட்டலும்

மண்ணூர்பேட்டை லேத் பட்டறை ஒன்றில், பல வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டிரம்ஸை இறக்கி வைத்தது அப்படியே கண்ணில் நிற்கிறது. நாங்கள் நால்வர். பாட வேண்டியவன் நான். டெத் மெட்டல் என்ற முரட்டு ராக் இசையில் பாட்டு என்றால் அடித்தொண்டையிலிருந்து உறுமுவது. என் வீட்டில் தொண்டைக்கட்டு என்று நினைத்து மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள், பாவம். விடுமுறை நாளில் மிஷின் சத்தம் இருக்காது என்று நம்பித்தான் பட்டறையைக் கேட்டு வாங்கியிருந்தோம்.

கேசட் ரெக்கார்டரை ஓடவிட்டதும் பக்கத்து ஷெட்டில் பவர் பிரஸ் தொடங்கிவிட்டது. காலால் மிதிக்க மிதிக்கத் தகட்டின் மேல் அடி இறங்கும் மிஷின் அது. மிதித்துக்கொண்டிருந்தவர் எங்கள் டிரம்மரின் அப்பா. போய்க் கெஞ்சினோம். "நிறுத்த முடியாதுடா. நாளைக்கு லோடு போவணும். நீங்க வேற எங்கனா போய்க் கத்துங்க" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. டிரம்மர் திரும்பி வந்து உட்கார்ந்து, "இன்னா மச்சான் இப்போ? அதோட சேர்ந்தே அடிக்கிறேன், நீ பாடு" என்றான். ஆறு பாட்டையும் அந்த அடிக்கு அடி சேர்த்தே முடித்தோம். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று நடிக்க மாட்டேன், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அப்படி ஒரு டிரம்ஸை நான் வேறெந்த ரெக்கார்டிலும் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு, வெளிநாட்டுச் சிறு நிறுவனம் ஒன்று அன்று பதிந்த கேசட்டை இசைத்தட்டாகப் போட முன்வந்தது. தொழிற்சாலை இரைச்சலைக் கம்ப்யூட்டரில் நீக்கி, மாதிரியும் அனுப்பியது. கேட்டால் டிரம்ஸ் உப்பில்லாத கஞ்சி. இரைச்சலோடு போடுவதானால் போடுங்கள், இல்லையென்றால் வேண்டாம் என்று டிரம்மர் எழுதிவிட்டான். எங்களுக்கு வந்த ஒரே வாய்ப்பு. கெடுத்துத் தொலைத்தாயே என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். இரண்டு மாதம் பதிலே இல்லை. பிறகு, உங்கள் விருப்பப்படியே ஆகட்டும் என்று எழுதினார்கள்.

தட்டு வந்த அன்று டிரம்மர் வீட்டில் போட்டுக் கேட்டோம். பிரஸ் சத்தத்திலேயே வாழ்ந்த அவன் அப்பாவுக்கு இப்போது காது பாதிதான் கேட்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு, ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். ஒரு பக்கம் ஓடி முடியும்வரை கையை எடுக்கவில்லை.

"ஒரு அடி கூட தப்பலடா" என்றார்.

"யாரச் சொல்ற நைனா? என்னயா, மிசினயா?"

"மிசினு தானா ஓடுச்சா? நம்ம ரெண்டு பேரையுந்தான்டா சொல்றேன்."