ஐந்தாவது ஆள்

ஈப்போவில் ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுத்து இஸ்திரி போட்டுக் கொடுக்கும் டோபி கடையில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். போன வருடம் வரை நாங்கள் ஐந்து பேர். ஐவருக்கும் குறைந்தபட்சச் சம்பளம்தான். அரசாங்கம் ஏற்றினால் ஏறும். இல்லையென்றால் எத்தனை தீபாவளி வந்தாலும் ஏறாது. முதலாளி தானாக ஒரு வெள்ளி கூட்டி நான் பார்த்ததில்லை.

ஆயிரத்து ஐந்நூறு வெள்ளிச் சம்பளம் ஆயிரத்து எழுநூறாகப் போகிறது என்ற செய்தி வந்தபோது அதிகம் சந்தோஷப்பட்டவர் என் பக்கத்து மேசையில் இஸ்திரி போட்ட அக்கா. சுங்காய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டதும் டவுனுக்கு வந்துவிட்டார். கணவர் பக்கவாதத்தில் விழுந்து மூன்று வருடம். மத்தியானம் நாங்கள் சாப்பிடும் நேரத்தில் அக்கா வெயிலில் வீட்டுக்கு ஓடுவார். அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, துணி மாற்றிவிட்டு, வெறும் வயிற்றோடு திரும்பி வருவார்.

"அந்த எரநூறு வெள்ளி வந்தா பக்கத்து வீட்டு அம்மாகிட்ட குடுத்துருவேன் லா. மத்தியானம் அவங்க பாத்துக்குவாங்க. நானும் உங்களோட உக்காந்து சோறு திம்பேன்," என்றார்.

புத்ராஜெயாவில் அரசாங்க அதிகாரிகள், முதலாளிமார், தொழிற்சங்கத்துக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்து பேசித்தான் இந்தத் தொகை முடிவாகிறதாம். சின்ன முதலாளிகள் பாவம், ஒரேயடியாகத் தாங்கமாட்டார்கள் என்று அவர்களுக்குக் கொஞ்சம் தவணையும் கொடுத்தார்கள். நல்ல மனசோடுதான் கொடுத்திருப்பார்கள். எங்கள் கடையில் அது என்ன செய்தது என்பதற்கு நானே சாட்சி.

எங்கள் முதலாளிக்குக் கேன்டனீஸ் தெரியும், பேச்சு மலாய் தெரியும். அரசாங்க மலாய் சுத்தமாக வராது. கைப்பேசியில் வந்த அறிவிப்பை என்னிடம் நீட்டி, படித்துச் சொல் என்றார். தோட்டத்துப் பிள்ளைகளில் மலாய்ப் பாடத்தில் முதலாவதாக வந்தவள் நான். அந்தத் திமிர் இன்னும் போகவில்லை. பிப்ரவரியிலிருந்து புதுச் சம்பளம் என்ற வரியோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருப்பவர்கள் ஆகஸ்டில் ஏற்றினால் போதும் என்பது வரைக்கும் படித்து, விளக்கமும் சொன்னேன். அவர் எங்கள் மேசைகளை ஒரு முறை பார்த்தார்.

ஜனவரிக் கடைசியில் என்னைக் கூப்பிட்டார். அக்கா இனி வரவேண்டாம், ஒரு மாதச் சம்பளம் கையில் கொடுத்துவிடுகிறேன், நீயே உங்கள் பாஷையில் சொல்லிவிடு என்றார். அவர் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் என்றேன். அப்படியானால் யாரை நிறுத்தலாம், நீயே சொல் என்றார். மிச்சமிருந்த நால்வரில் நானும் ஒருத்தி. வெளியே வந்துவிட்டேன்.

அக்கா பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியருகே நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"என்ன தங்கச்சி, ஏத்திட்டாங்களா?"

"அக்கா, கவர்மெண்டு புது லிஸ்ட் போட்டிருக்கு. நாலு பேருதான் இருக்கணுமாம்."

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. வாயில் வந்துவிட்டது.

"அதுல எம் பேரு இல்லையா?"

"இல்லக்கா."

தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எல்லாரும் வரிசையாக நிற்போம். கணக்கெழுதும் கிராணி பேர் வாசிப்பார். வாசிக்காத பேருக்கு அன்றைக்கு வேலை கிடையாது. ஏன் என்று கேட்கிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் இருந்ததே இல்லை. அக்காவும் கேட்கவில்லை. ஏப்ரனைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்தார்.

"கவர்மெண்டே சொல்லிட்டா நாம என்ன செய்றது. நீ அழுவாத லா," என்று என் தோளைத் தட்டினார்.

முதலாளி நிறுத்துகிறார் என்று உள்ளதைச் சொல்லியிருந்தால் அக்கா அவரோடு மல்லுக்கு நின்றிருப்பார். தொழிலாளர் இலாகாவுக்காவது போயிருப்பார். அதற்கும் வழியில்லாமல் செய்தவள் நான். நான் செய்தது துரோகம். நல்ல பேர் வைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்டில் எங்கள் நால்வருக்கும் சம்பளம் ஏறியது. ஐந்து பேர் வேலையை நாலு பேர் செய்கிறோம். புதிதாக ஆள் எடுக்கும் எண்ணம் முதலாளிக்கு இல்லை.

அடுத்த மாதம் பாசாரில் அக்காவைப் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தார். காலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மங்கு, தட்டு கழுவுகிறாராம், தினக்கூலிக்கு. கணவருக்கு முதுகெல்லாம் புண்ணாம்.

"ஒங்களுக்கு ஏத்திட்டாங்களா?" என்று கேட்டார்.

"ஏத்திட்டாங்கக்கா."

"நல்லாருங்க லா." கொஞ்சம் தயங்கினார். "அப்ப கவர்மெண்டு புது லிஸ்ட் போட்டிருக்கும்ல? எம் பேரு வந்திருக்கான்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்."

கைப்பேசியை எடுத்தேன். அவர் கண் முன்னாலேயே விரலால் எதை எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.

"இன்னும் வரலக்கா," என்றேன்.