குடைக்கும் விளக்குக்கும்

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் ஆண்தான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். கோபம் வந்தால் வீட்டை விட்டுப் போகிறவரும் அவர்தான். தாய் வழியாக வரும் வம்சத்தைக் குடி என்போம். அந்தப் பாராளுமன்றத் தேர்தலில் என் குடியைச் சேர்ந்த ஒருவர் குடைச் சின்னத்தில் வாக்குக் கேட்டார். கணவரின் குடியைச் சேர்ந்த ஒருவர் விளக்குச் சின்னத்தில் கேட்டார். எனக்குக் கலியாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வயிற்றில் பிள்ளை.

முதலில் என்னைப் பிடித்தவர் கணவர். சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"விளக்குக்குத்தான் போடுவன் எண்டு அல்லாஹ் மேல சத்தியம் பண்ணு. இல்லாட்டி நான் எங்கட உம்மாட வீட்ட போயிருவன். ஆள் அனுப்பினாலும் வரமாட்டன்."

சத்தியம் பண்ணினேன். அவர் கோப்பையை இழுத்து வைத்துச் சாப்பிட்டார்.

மறுநாள் அவர் வயலுக்குப் போனதும் மாமா வந்தார். உம்மாவின் தம்பி, வாப்பா மௌத்தாகிப் போன பிறகு எங்களைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

"என்ன புள்ள, மாப்பிள ஓதி ஊதிப் போட்டாரோ?" என்று சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "குடைக்குத்தான் எண்டு சத்தியம் பண்ணு."

முதல் சத்தியத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நாக்கு ஒட்டிப் போச்சாடி? சொல்லன்!" என்று உம்மா குசினி அடுப்படியிலிருந்து சத்தம் போட்டா.

அதையும் சொன்னேன்.

தேர்தலன்று இரண்டு பக்கத்துக் கார்களும் வேலிக்கு வெளியே நின்று ஹோர்ன் அடித்தன. எதில் ஏறினாலும் ஒருவருக்குப் பகை. காரில் ஏறினால் தலை சுற்றும் என்று வயிற்றைச் சாட்டிவிட்டு, உம்மாவோடு வெயிலில் நடந்தேன்.

நான் நாலாம் வகுப்பு வரை படித்த பள்ளிக்கூடத்தில்தான் வாக்குப் போடுவது. தட்டி மறைப்புக்குள் நின்று பென்சிலைப் பிடித்தேன். சத்தியம் பிழைத்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று பயம்.

"உள்ளுக்கு ஆர், நித்திரையா? வெளியில வரிசை நிக்கிது" என்று ஓர் உத்தியோகத்தர் கத்தினார்.

குடைக்கு நேரே பெருக்கல் குறியாக ஒரு புள்ளடி போட்டேன். விளக்குக்கும் ஒன்று போட்டேன். இருவருக்கும் ஒவ்வொரு வாக்குச் சேரும் என்றுதான் நினைத்தேன்.

மாமா கேட்டார், "போட்டியா?" "ஓம்." கணவரும் கேட்டார். அவருக்கும் "ஓம்."

மட்டக்களப்பில் வாக்கு எண்ணுவதைப் பார்க்கப் போன கணவர் முகம் கறுத்து வந்தார். குடை வென்றுவிட்டது. கால் கழுவ நான் தண்ணீர் ஊற்றினேன்.

"ஒரு கடுதாசியில ரெண்டுக்கும் புள்ளடி. எந்த விசரோ, பைத்தியமோ! அது ஒருத்தருக்கும் சேராதாம். ஒதுக்கிப் போட்டானுகள்."

"ஆரெண்டு தெரியாதா?"

"எப்பிடித் தெரியும்?" என்னைப் பார்த்தார். "நீ எண்டா சொன்ன சொல்லு மாறமாட்டாய்."

அவர் வீட்டை விட்டுப் போகவில்லை. பிள்ளையும் சுகமாகப் பிறந்தது.

அடுத்த தேர்தலில் கணவரும் மாமாவும் நேரே என்னிடம்தான் வந்தார்கள். நான் சொல் தவறாதவளாம். இரண்டு பேருக்கும் மறுபடி சத்தியம் பண்ணினேன். தட்டிக்குப் பின்னால் நின்றபோது, இரண்டு புள்ளடி போட்டால் அது வாக்கே இல்லை என்று இந்த முறை எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இரண்டும் போட்டேன்.