அம்பேம் சாரின் கப்பல்

குமாசிப் பக்கத்தில் எங்கள் பள்ளியில் சரித்திரம் என்றால் அம்பேம் சார்தான். அவர் கரும்பலகையில் வரைகிற அடிமைக் கப்பலில் பாய்மரக் கயிறுகூடத் தப்பாது. வெள்ளைக்காரன் வந்தான், கோட்டை கட்டினான், நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனான். பரீட்சைக்கு அது போதும்.

பிறகு செர்வா டீச்சர் வந்தார். முதல் வகுப்பிலேயே, "எங்க கொள்ளுப்பாட்டிய சலாகா அடிமைச் சந்தையில வித்தாங்க. வாங்கினது கப்பல்காரன் இல்ல, நம்ம ஆளுங்கதான்" என்றார். மறுவாரம் அவர் வகுப்பு ஜன்னலில் மற்ற வகுப்புப் பிள்ளைகளும் தொங்கினார்கள்.

சாருக்கு வயிறு எரிந்தது. மதியம் ஆசிரியர் அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, இடித்த மரவள்ளி ஃபூஃபூ உருண்டையைக் கிள்ளிக்கொண்டே புலம்பினார். நேரே தலைமையாசிரியையிடமும் போனார்.

"பூர்வீகத்தப் பேசுறாங்க மேடம். நம்ம வழக்கத்துல அது எவ்ளோ பெரிய குத்தம்?"

"யாரோட பூர்வீகத்த?"

"அவங்களோடத."

"அடுத்தவங்களோடதச் சொன்னாத்தான் சார் குத்தம்." அதோடு, கடைசி வருட வகுப்பையும் செர்வாவுக்கே கொடுக்க யோசிப்பதாகச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து சாருக்குத் தூக்கம் போயிற்று. சொல்ல அவரிடமும் கதை இருந்தது. அவர் வீடு அடிமைகளை வாங்கிய வீடு. அப்படி வாங்கப்பட்டவளின் பேத்திதான் அவர் வீட்டிலேயே வளர்ந்த நர்ஸ் அப்ராஃபி. ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள். எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறந்ததில்லை. அது அப்ராஃபியின் பூர்வீகம், அவர் சொன்னால் குற்றம். விற்கப்பட்ட வீட்டுக்காரிக்கு வாய் இருக்கிறது, வாங்கிய வீட்டுக்காரனுக்கு இல்லை என்று பொருமினார். இப்படிக்கூட ஒரு பொறாமை உண்டா என்று நான் அசந்துபோனேன்.

கடைசியில் அப்ராஃபியிடமே கேட்டார். "அக்கா, நம்ம வீட்டுக் கதைய வகுப்புல சொல்லட்டுமா?"

அவள் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "இத்தன வருஷம் கப்பல் வரஞ்சியே, அப்பல்லாம் ஞாபகம் வரலியா? அந்தப் பொண்ணு வந்தப்புறம்தான் நான் கண்ணுல படுறேனா தம்பி?"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"சொல்லணும்னா நான் சொல்லிக்கிறேன். வியாழக்கிழம வர்றேன்."

சாருக்குத் தலைகால் புரியவில்லை. வியாழனன்று நல்ல நாற்காலி ஒன்றைத் தன் வகுப்பில் கொண்டுவந்து போட்டார், பலகையில் கப்பலை அழித்தார். அப்ராஃபி வந்தாள். அவர் வாசலைத் தாண்டி நடந்து, செர்வாவின் வகுப்புக்குள் போனாள்.

தன் வீட்டுக் கதையை அவர் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் கேட்டார். பின்னாலிருந்து ஒரு சிறுமி அவர் சட்டையை இழுத்தாள்.

"கொஞ்சம் தள்ளுங்க சார். மறைக்குது."