பாலில் கொழுப்பைச் சொன்ன நாக்கு

குடிபாலா பக்கம், தமிழும் தெலுங்கும் பேசுற எங்க ஊருக்குத் தனியார் பால் கம்பெனிங்க வந்த புதுசு. பால்ல எவ்வளோ கொழுப்பு இருக்குதோ அதுக்குத் தகுந்த ரேட்டு. ஃபேட்டு, ஃபேட்டுன்னு சொல்லாத வாயே கிடையாது. பால் சென்டருல மிஷின் சொல்றதுக்கு முன்னாடியே, நான் ஒரு சொட்டை நாக்குல வெச்சு "ஆறரை", "ஏழு"ன்னு சொல்லிடுவேன். முக்காவாசி சரியா இருக்கும். அப்போ எனக்கு இருந்த திமிரு இருக்குதே! ஒல்லிக்குச்சியா இருந்தாலும் ஊருக்கே நான்தான் மிஷினு. இப்போ நினைச்சாலும் அந்த நாளுங்க மேல ஆசையா இருக்குது.

அப்பால ஊரே பெங்களூரு, மெட்ராஸுன்னு கிளம்பிச்சு. நைனா என்னைத் திருப்பதிக்கு இட்டுக்கினு போயி, பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெஸ்ஸுல சமையல் வேலைக்கு விட்டாரு. மொத வாரம் பாமாயில் பூரியைத் துன்ன முடியல, தொண்டையில வழவழன்னு நின்னுச்சு. ரெண்டாவது மாசம் அதே பூரி சப்புன்னு இருந்துச்சு. இன்னும் ஒரு கரண்டி ஊத்தினேன். மூணு வருஷத்துல ஒரு ரவிக்கையும் பத்தல. உடம்பு பெருத்ததால நாக்கு மரத்துச்சா, நாக்கு மரத்ததால உடம்பு பெருத்துச்சா, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

அந்த வருஷம் பொங்கலுக்கு வந்தப்போ அம்மாகூட சென்டருக்குப் போனேன். வரிசையில நின்ன பொம்பளைங்க, "நாக்கு இன்னா சொல்லுது, சொல்லு பார்க்கலாம்"னு சீண்டினாங்க. எனக்குப் பெருமை தாங்கல. எங்க கேன் பாலையே மூடியில கொஞ்சம் ஊத்தி வாயில வெச்சேன். ஒண்ணுமே தெரியல. யோசிக்காம, "இன்னாம்மா, வெறும் தண்ணியா இருக்குது?"ன்னு கத்திட்டேன்.

எங்க அம்மா ஜென்மத்துல பால்ல தண்ணி விட்டதில்ல. ஊருக்குள்ள அந்த ஒரு நல்ல பேருதான் அதுக்குச் சொத்து. சென்டர்காரர் அம்மாவைப் பார்த்து, "ஏம்மா, நீள்ளு கலிபாவா?"ன்னு, தண்ணி கலந்தியான்னு, தெலுங்குல அதட்டினாரு. பாலை மிஷின்ல வெச்சாரு. ஏழு.

"மெஸ்ஸு சோறு துன்னு துன்னு இவ நாக்கு செத்துப்போச்சு!"ன்னு எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மூஞ்சி செத்துப்போச்சு. அம்மா என்னை ஒரு தபா பார்த்துச்சு.

"எம்பொண்ணு சொன்னது சரிதான். கேன் கழுவின தண்ணியைக் கொட்ட மறந்துட்டேன். மிஷினுக்கு அது தெரியல"ன்னுச்சு.

பாவி நான், "இல்ல, என் நாக்குதான் தப்பு"ன்னு வாயைத் தொறக்கல. அடுத்த நாள்லேருந்து மத்தவங்க கேனெல்லாம் நேரா உள்ள போச்சு. எங்க அம்மா கேனை மட்டும் தனியா இறக்கி, தண்ணி இருக்குதான்னு சோதிச்சாங்க. அது முடியற வரைக்கும் எல்லாரும் பார்க்க அம்மா ஓரமா நின்னுக்கினு இருந்துச்சு.