வக்தியின் வெள்ளிக்கிழமைகள்

என் அக்கா புருஷன் வக்தி, மின்யா அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். நாள் முழுக்க நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைத்து, "மூச்சைப் பிடிங்க, விடுங்க" என்று சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு வந்தால் வாய் திறக்கமாட்டார். ஓய்வுக்கென்று ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினார். சரிசெய்து நைல் ஆற்றில் விட்டு, வெள்ளிக்கிழமைதோறும் அதில் சும்மா கிடப்பது அவர் ஆசை.

அந்த வெள்ளிக்கிழமைகள் எல்லாம் படகுக்கே போயின. கரையில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த படகில், இற்றுப்போன பலகைகளைப் பெயர்த்துவிட்டுக் கருவேலம் பலகைகளை அடித்தார். இடுக்குகளில் பஞ்சைத் திணித்துத் தார் பூசினார். தார்நாற்றம் ஞாயிறு பூசை வரைக்கும் அவரை விடாது. நான் ரொட்டியும் அவித்த அவரையும் கொண்டுபோவேன்.

"அத்தான், ஆஸ்பத்திரியில ஒரு வேலை, இங்க ஒரு வேலை. எப்பதான் படுப்பீங்க?"

"முடியட்டும்டா மச்சான்."

பக்கத்தில் வலை காயவைக்கும் மீனவர் ஸக்லூல் சிரிப்பார். "டாக்டர், இது முடியறதுக்குள்ள ஆறு வத்திடும்." மருத்துவமனையில் வேலை பார்க்கும் எல்லாருமே அவருக்கு டாக்டர்தான்.

படகின் இரண்டு பக்கமும் முடிந்தது. கடைசியில் அடியைச் சுரண்டும்போது தாருக்குள்ளே ஒரு தகரம் தட்டுப்பட்டது. முன்பு படகை வைத்திருந்தவன் ஆணியடித்து மறைத்திருக்கிறான். அத்தான் அதைப் பிய்த்தார். உள்ளே, பலகைகளையெல்லாம் தாங்கும் அடிக்கட்டை ஈரரொட்டி மாதிரி உதிர்ந்தது. அதை மாற்ற வேண்டுமென்றால், அடித்த பலகைகளை எல்லாம் திரும்பக் கழற்ற வேண்டும்.

அவர் திட்டவில்லை. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கூப்பிட்டுப் பார்த்தேன், எழுந்திருக்கவில்லை. போய் நகாத் அக்காவை அழைத்துவந்தேன். படகு வாங்கிய நாளிலிருந்து கோபத்தில் அந்தப் பக்கமே வராதவள் அவள். வந்து, துணிக்கடைக்காரி துணி பார்ப்பதுபோல் பலகைகளைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் அடிச்சிருக்கீங்க" என்றாள்.

"அடி போயிடுச்சு நகாத்."

"மறுபடி செய்யணுமா?"

"செய்யலாம். ஆனா எனக்கு அலுத்துப்போச்சு." கையில் ஒட்டிய தாரைச் சுரண்டிக்கொண்டே, "படகு மட்டும் இல்ல" என்றார்.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்ப விடுங்க. யாரு கேட்கப்போறா?"

அத்தான் பலகைகளை ஸக்லூலையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். "பாவம் டாக்டர், கை வலிக்க அடிச்சது" என்று தயங்கியவர், பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் படகுக்குப் போட்டுக்கொண்டார். அத்தான் அதைப் பார்க்க வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் ரேடியோவைப் பிரித்துப் போடுவார், திரும்பப் பூட்டுவார். அக்காவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

குளிர் விட்டதும் ஒருநாள் நாங்கள் மூவரும் எதிர்க்கரைக்குப் போக ஸக்லூலின் படகில் ஏறினோம். நடு ஆற்றில் காற்று நின்றுவிட்டது. பாய் தொங்கியது.

"துடுப்புப் போடட்டுமா டாக்டர்?"

அத்தான் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா தன் துண்டை அவர் முகத்தில் வெயில் படாமல் பிடித்தாள்.

"போடாதீங்க" என்றாள் மெதுவாக. "அப்படியே கிடக்கட்டும்."